பத்து வரைக்கும் எண்ணின டாக்டரம்மா

முத்தியால்பேட்டைக்குப் போகும் டெம்போவில் காலையில் ஏறினேன். எதிர் சீட்டில் டியூட்டி முடிந்த இரண்டு டாக்டரம்மாக்கள், மடியில் வெள்ளைக் கோட்டோடு இடிபட்டுக்கொண்டிருந்தார்கள். டாக்டர்களும் நம்மோடு சேர்ந்து நசுங்குவதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். கண் சிவந்திருந்தவர் சொன்னார்:

"செத்துப்போன பையனோட அப்பா என்னத் தேத்திட்டுப் போறாருடி."

தோழி சிரித்தார். "தலகீழா இருக்கே. நீதான அவரத் தேத்தணும்?"

"கனகசெட்டிக்குளத்து ஆளு. படகு கவுந்து ஒரே பையன் போயிட்டான். கிளாஸ்ல சொல்லிக்குடுத்தாங்கள்ல, சேதி சொன்னதும் தோள்ல கைய வெச்சு, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணணும்னு? அதத்தான் செஞ்சேன். ரெண்டு நாளாத் தூங்காததுல கண்ணுல தண்ணி வந்துடுச்சு. 'என் புள்ளைக்காக அழுவுறியேம்மா, நீ நல்லா இருக்கணும்'னு கையெடுத்துக் கும்புடுறாரு."

"நல்ல பேரு வாங்கிட்ட, விடு."

"எனக்கு ஒண்ணுமே தோணலடி. எட்டு, ஒம்போதுன்னு எண்ணிக்கினு இருந்தேன். மொத வருஷம் ஒரு பெரியவர் போனதுக்கு மூணு நாள் சாப்புடாம அழுதேனே, அந்தப் பொண்ணு எங்க போனாளோ தெரியல. நாளைக்கு எழுதிக் குடுத்துட்டு வேலைய விட்டுடப் போறேன்."

தோழி வெளியே பார்த்தபடி சொன்னார்:

"நீயாச்சும் பத்து வரைக்கும் எண்ணுற. நான் அஞ்சுலயே கைய எடுத்துடுறேன்."