பெயர் வேறு, நிலம் வேறு என்று சொன்ன குரலுக்கு

மாலை ஐந்து மணியின் மாண்புமிகு மணிக்குரலே! மந்திரிகளின் மழுப்பலையும் மக்களின் மருட்சியையும் ஒருசேர விலக்கிய மதியே! உடன்படிக்கை என்னும் அடர்காட்டில் எங்கள் கால் நடக்க ஒற்றையடிப் பாதை வெட்டித் தந்த உழைப்பே! எங்கள் லெய்வியா கல்மெட் அக்கா அவர்களே!

நம் தீவு நாட்டின் தலைநகராம் போர்ட் விலாவின் கடற்காற்று வானொலிப் பணியாளர்களாகிய நாங்கள் தங்களுக்கு அன்பும் வணக்கமும் கூறுகிறோம். இத்தனை அடைமொழிகளைக் கேட்டுத் தாங்கள் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. எங்கள் செய்திகளில் ஒரு வெட்டிச் சொல்லையும் தாங்கள் விட்டுவைத்ததில்லை. தாங்கள் பணி ஓய்வு பெறும் இன்று ஒருநாள் பொறுத்தருள்க. திருத்தும் பேனா இன்று எங்கள் கையில் இருக்கிறது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் 'உலகம் நம் வாசலில்' நிகழ்ச்சியை நடத்தினீர்கள். நம் கடலில் யார் மீன் பிடிக்கலாம், ஐ.நா. சபையில் நமக்குள்ள ஒற்றை ஓட்டுக்காக யார் யார் நம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள் என்பதையெல்லாம் காய்கறிச் சந்தையில் கூடை இறக்குகிறவருக்கும் விளங்கச் சொன்னீர்கள். "இனாம்னா திருப்பிக் கேக்க மாட்டாங்க, கடன்னா கேப்பாங்க. சிரிச்சுக்கிட்டே குடுத்தாங்கங்கறதால கடன் இனாமாயிடாது" என்று தாங்கள் சொன்னதை இன்றும் பேருந்து ஓட்டுநர்கள் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அந்த ஐந்து மணியைக் காக்கத் தாங்கள் நடத்திய போரை எங்கள் இயக்குநர் சைமன் தாபி ஐயா மறந்திருக்க மாட்டார். "எட்டு மணிக்குத் தள்ளுவோம்மா, விளம்பரம் கொட்டும்" என்றார் அவர். "எட்டு மணிக்கு நம்ம ஜனம் மூணாவது சிரட்டைக் கவாவுல இருக்கும் ஐயா. அப்போ காதுல உடன்படிக்கையா ஏறும்? வதந்திதான் ஏறும்!" என்றீர்கள் தாங்கள். கிறங்கவைக்கும் கவா வேர்ச்சாற்றைப் பருகும் குடிலில் விளக்கைத் தணித்துவிட்டு மெல்லிய குரலில் அரசியல் பேசுகிறவர்கள் நாம். ஒரு குடிலில் முளைத்த சேதி அடுத்த குடிலுக்குப் போவதற்குள் கிளை விட்டுவிடும் என்பது தங்களுக்குத் தெரியும். ஆகவே முதல் சிரட்டைக்கு முன்பே உண்மை ஊருக்குள் போயாக வேண்டும் என்று நின்றீர்கள், வென்றீர்கள்.

லோமாலா குடாவில் புதிய துறைமுக மேடை திறந்த நாளை எப்படி மறப்போம்! கட்டிக் கொடுத்த பெரிய நாட்டின் தூதருக்கு, ஊர்த்தலைவர் பன்றி வெட்டி, பாய் விரித்து, ஒரு தலைமைப் பெயரைச் சூட்டினார். அந்தத் தலைவர் தங்கள் உடன்பிறந்த அண்ணன் கல்சாவ். நம் வழக்கத்தில் பெயர் தனியாக வராது. பெயர் வாங்கியவருக்கு நிலமும் உண்டு. அன்று மாலையே "குடா கைமாறிடுச்சாம்" என்றது ஒரு குடில். "வேலி போடப் போறாங்களாம்" என்றது மறுநாள் இன்னொன்று. அதற்கு அடுத்த நாள் துறைமுகச் சாலையின் குறுக்கே யாரும் தாண்டக்கூடாத நமேலே ஓலை தொங்கியது. ஓலைக்குப் பின்னால் இளைஞர்கள் வெட்டுக்கத்தியோடு நின்றார்கள். காவல்துறை வண்டிகளும் கிளம்பிவிட்டன.

"ஒண்ணுமே இல்லைன்னு ஒரு வரி படிங்க, போதும்" என்றது அமைச்சர் அலுவலகம். "வித்துட்டாங்கன்னு சொல்லு, நாங்க பாத்துக்கறோம்" என்றது தொலைபேசியில் ஊர். துறைமுக உடன்படிக்கையை முழுதாகப் படித்துவிட்டு, ஐந்து மணிக்குத் தாங்கள் பேசியது எங்கள் நெஞ்சில் அப்படியே இருக்கிறது:

"பேரு குடுத்தது நிஜம். நிலம் குடுக்கல. கையெழுத்துப் போட்டதுல எங்கேயும் நிலம் இல்ல, நான் தேடிப் பாத்துட்டேன். ஆனா ஊரைக் கேக்காம பேரு குடுத்தது தப்பு. குடுத்தவரு என் அண்ணன், அதனால நான்தான் இதைச் சொல்லணும். இன்னொண்ணு. ஒன்பதாவது பிரிவுல, அவங்க கப்பல் சொல்லாமலே வரலாம்னு இருக்கு. என்ன கப்பல், எதுக்கு வரும்? எனக்குத் தெரியல. தெரிஞ்சவங்க நாளைக்கு இதே நேரத்துல இங்க வந்து சொல்லட்டும்."

கத்திகள் கீழே இறங்கின. ஓலை மட்டும் இறங்கவில்லை. மறுநாள் அமைச்சரே வந்து தங்கள் எதிரில் அமர்ந்து, வியர்த்து, தண்ணீர் கேட்டு, கடைசியில் முன்கூட்டிச் சொல்லாமல் எந்தக் கப்பலும் வராது என்று வாக்குக் கொடுத்தார். பிறகுதான் ஊர் தன் கையாலேயே ஓலையை அவிழ்த்தது.

அதற்குத் தாங்கள் கொடுத்த விலையையும் நாங்கள் அறிவோம். ஊர் அறிய அவமானப்பட்ட அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். புதுக்கிழங்கு விருந்துக்கு அழைப்பு வரவில்லை. லோமாலாவிலிருந்து வாராவாரம் வந்துகொண்டிருந்த, வாழையிலையில் வெந்த லாப்லாப் கிழங்குப் பொட்டலமும் வரவில்லை. பசித்ததென்னவோ அலுவலகம் முழுவதற்கும்தான். வாசலில் லோமாலா வண்டிச் சத்தம் கேட்டால் தாங்கள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டதை நாங்கள் பார்த்தோம், அக்கா. பல ஆண்டுகள் பார்த்தோம். எங்களுக்கு வலித்தது.

அறிந்ததை அஞ்சாமல் சொல்லவும், அறியாததை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளவும் எங்களுக்குக் கற்பித்த தங்களுக்கு என்ன கைம்மாறு செய்வோம்! ஐந்து மணியை யாருக்கும் விற்பதில்லை என்று தாபி ஐயா இந்த மேடையிலேயே வாக்களித்திருக்கிறார். தாங்கள் நோயின்றி, குறையின்றி, வாய் ஓயாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். நாங்கள் தப்பாகச் சொன்னால் உடனே தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்ட வேண்டும்.

நிறைவாக ஒன்று. முன்வரிசையின் ஓரத்தில், மடித்த பாயை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவரைத் தாங்கள் இன்னும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சென்ற வாரம் கல்சாவ் அண்ணன் எங்கள் நிலையத்துக்கு வந்தார். நேரில் சொல்ல நா எழாது என்று, தாம் சொல்வதை இம்மடலில் சேர்த்துப் படிக்கச் சொன்னார். ஒரு சொல்லும் வெட்டாமல் படிக்கிறோம்:

"தங்கச்சி, அந்தத் தூதருக்கு நான் குடுத்தது வெறும் பேரு. அதையும் ஊரைக் கேக்காம குடுத்தேன். உனக்கு ஊரே கூடிப் பேசி ஒரு பேரு வெச்சிருக்கு. பேரோட குடாவோரத்து நிலமும் உண்டு. உனக்கு ஒன்பதாவது பிரிவெல்லாம் தேவையில்ல. நீ சொல்லாமலே வரலாம்."

தங்கள் அன்பை என்றும் மறவாத,
கடற்காற்று வானொலிப் பணியாளர்கள்,
போர்ட் விலா.