செருப்பு மண்

ஆவடியில் பேருந்து கிளம்பியதும், முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னது காதில் விழுந்தது.

“என் செருப்பு மண்ணாலதான் லாரி நின்னுபோச்சாம் மாமே.”

“புது வண்டியாச்சே! வாரண்டி கீதுல்ல?”

“அதான் இல்லன்றான் சர்வீஸ்காரன். மண்ணு பூந்து ஆக்சிலேட்டர் பெடல் கெட்டுப்போச்சாம், என் தப்பாம். எடுத்த நாள்லேர்ந்து செருப்ப கழட்டி பையில போட்டுகினுதான் ஏறுறேன். கோயிலாட்டம் வெச்சிகினு கீறேன் வண்டிய.”

“அத்த அவன்கிட்ட சொன்னியா?”

“சொன்னேன். சிரிக்கிறான்.”

“அந்தப் பைய எடுத்து காட்றதுதானே?”

“கோவத்துல சாவிய குட்த்துட்டு அப்படியே வந்துட்டேன் மாமே. பை வண்டிக்குள்ளதான் கீது.”

பாரிவாக்கத்தில் அவர் இறங்கும்போதுதான் கவனித்தேன். உச்சி வெயிலில், கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து போனார்.