பூனை விடப்போன வளவு

— அசையாதை, ஜெனிற்றா! நிண்ட இடத்திலயே நில். காலைத் தூக்காதை.

— நான் அசையேல்லை, சந்தியோகண்ணை. பைதான் அசையுது. உள்ளுக்க கிடந்து பூனை உதைக்குது.

— பையைக் கீழ வைச்சிடாதை.

— வைப்பனே? வைச்சதாலதானே இவ்வளவும். பையை வைச்சிட்டு முடிச்சை அவிழ்க்கக் குனிஞ்சனான். இது துள்ளிச்சு, மண் சரிஞ்சுது, அந்த மூடி வெளிய தெரிஞ்சுது. பையைத் தூக்கினதுதான், அதோட நிண்டிட்டன். என்ர மாதாவே, என்ர மாதாவே...

— கத்தாதை. மெல்லமாக் கதை. உன்ர காலுக்கும் அந்த மூடிக்கும் எவ்வளவு தூரம்?

— ஒரு சாண். இடக்கால் பெருவிரலில இருந்து ஒரு சாண் கூட இராது. பச்சை. வட்டம். சப்பாத்து மை டப்பா இருக்கெல்லோ, அதின்ர மூடி மாதிரி. அண்ணை, அது மை டப்பாவாத்தான் இருக்கும், என்ன?

— டப்பாவா இருந்தா நல்லது. மிதிவெடியா இருந்தா ஒண்டோட நிக்காது, பிள்ளை. வரிசையாத்தான் தாட்டிருப்பாங்கள். அதால நீ முன்னுக்கும் வைக்காதை, பின்னுக்கும் வைக்காதை.

— நீங்கள் வந்து ஒருக்காப் பாருங்கோவன்.

— நான் உள்ளுக்க வந்தா ரெண்டு பேரா நிப்பம். நான் இஞ்ச, ஒழுங்கையிலயே நிக்கிறன். என்ர முகத்தைப் பார். கீழ பாக்காதை.

— மதலேனாக்கா போயிட்டாவே?

— போயிட்டாள். நீ கத்தின சத்தத்துக்கு நான் சொல்லமுதலே என்ர மனுசி சைக்கிளை எடுத்திட்டாள். மிதிவெடி எடுக்கிற பெடியளின்ர காம்ப் மெயின் றோட்டுக் கரையிலதானே. அரை மணித்தியாலத்தில ஆக்களோட வந்திடுவாள்.

— அண்ணை, இண்டைக்குப் போயா!

— போயாவே?

— போயா லீவு! பெடியள் எல்லாரும் நேற்றே மன்னார் பஸ்ஸில ஏறினவங்கள். என்ர கண்ணால கண்டனான். காம்பில ஒருத்தரும் இராயினம்.

— ஒரு காவல்காரனாவது நிப்பான்.

— காவல்காரனுக்கு வெடி எடுக்கத் தெரியுமே?

— தெரியாட்டி என்ன, அவனிட்டப் போன் கிடக்கும். பெரியவருக்கு அடிப்பான். பொறு பிள்ளை, பொறு.

— சந்தியில ஆமி நிக்குதே! ரெண்டு நிமிஷ நடை. அவங்களிட்ட ஆள் இருக்கும், சாமான் இருக்கும். நீங்களே ஓடிப்போய்ச் சொல்லுங்கோவன்.

— உன்னைத் தனிய விட்டிட்டுப் போகச் சொல்லுறியே?

— ஐயோ, வேண்டாம். நீங்கள் போனா நான் விழுந்திடுவன். நில்லுங்கோ.

— அதுதான் நிக்கிறன்.

— எனக்கு விளங்குது அண்ணை. தடுப்பு முகாமால விட்ட நாளில இருந்து கிழமைக்கொருக்கா அந்தச் சந்தியில கையெழுத்து வைக்கிற மனுசன் நீங்கள். இண்டைக்கும் அவங்களின்ர வாசல்ல போய் நிக்க ஆருக்கு மனம் வரும். ஒண்டு கேட்டா ஒம்பது கேப்பாங்கள். நான் உங்களைக் குறை சொல்லேல்லை.

— நீ என்னைப் பற்றி யோசியாதை. பையைப் பிடிச்சிருக்கிற பிடி சரியில்லை. கை நீட்டிப் பிடிச்சா அஞ்சு நிமிஷம் தாங்காது. நெஞ்சோட அணைச்சுப் பிடி.

— கீறும். இது வீட்டுப் பூனை இல்லை அண்ணை, காட்டுப் பூனைக்குச் சரி. பிடிக்கேக்க ரெண்டு கையையும் கிழிச்சுப் போட்டுது.

— கீறட்டும். பிள்ளையைத் தூக்கிற மாதிரி அடியில ஒரு கை குடுத்துப் பிடி. மெல்ல. இடுப்பை வளைக்காதை. ஆ, அப்பிடித்தான்.

— உதைக்கிறதை விட்டிட்டுது.

— இருட்டும் சூடும் கிடைச்சா அடங்கும்.

— இதின்ர நெஞ்சு அடிக்கிறது என்ர கையில தெரியுது, அண்ணை. என்னை விட இது ரொம்பப் பயந்து போய்க் கிடக்கு.

— ரொம்ப! உந்த இந்தியாக் கதை இன்னும் உன்னை விட்டுப் போகேல்லை.

— பன்ரெண்டு வயசில மண்டபம் காம்ப்புக்குப் போய், முப்பது வயசில திரும்பி வந்தனான். எப்பிடிப் போகும்? சிரிக்க வைக்காதேங்கோ, கால் ஆடுது.

— சரி, சிரிக்காதை. ஏன் இண்டைக்கெண்டு இந்தச் சனியனைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனீ? கதை. கதைச்சுக்கொண்டிருந்தாப் பயம் தெரியாது.

— என்னத்தைச் சொல்ல? தகரத்தில சூடை மீன் காயப்போட்டா விடியப் பாதிதான் கிடக்கும். வலை போட்டு மூடினன், வலையைக் கிழிச்சுதுகள். முள்ளுக்கம்பி சுத்தினன், என்ர சீலைதான் கிழிஞ்சுது. கருவாடு வித்துத்தான் எங்கட வீட்டில உலை கொதிக்குது. நீங்கள் எல்லாரும் ஓடேக்க வீட்டில விட்டிட்டுப் போன பூனையளின்ர பேரன் பேத்தியளாம் இதுகள். கூப்பிட்டா வராது, துரத்தினாப் போகாது. மனுசரைக் கண்டு பழக்கமில்லை.

— எங்கட வீட்டில ஒரு கறுவல் பூனை நிண்டது. ஷெல் அடிக்கத் தொடங்கின அண்டைக்கு ட்ரக்டர்ல ஏறேக்க, மதில்ல இருந்து பாத்துக்கொண்டிருந்தது. ஏத்த இடமில்லை. கேட்டியே, அதின்ர குட்டியளோ ஆருக்குத் தெரியும்.

— நஞ்சு வைக்கச் சொல்லிச் சிலபேர் சொன்னவை. என்னால ஏலாது, அண்ணை. பிடிச்சு நாலஞ்சை நறுவிலிக்குளம் வரைக்கும் பஸ்ஸில கொண்டுபோய் விட்டனான். கொண்டக்டர் ரெண்டாந்தரம் ஏத்தமாட்டன் எண்டிட்டான். அதுக்குப் பிறகு...

— பிறகு?

— ஒண்டுமில்லை. அண்ணை, எனக்குத் தலை சுத்துது.

— என்ன சாப்பிட்டனீ?

— ஒருசந்தி விரதம். தவசு காலமெல்லோ. காலமை ஒரு பிளேன்ரீ குடிச்சது.

— அட கடவுளே.

— பைப் பாரம் என்னை முன்னுக்கு இழுக்குது.

— குதிக்காலில பாரத்தைப் போடு. மூச்சை மூக்கால இழு. இன்னுமொருக்கா. என்னைப் பார் பிள்ளை, கீழ பாக்காதை எண்டு சொன்னனானெல்லே!

— அண்ணை, எனக்கு ஒரு விசயம் சொல்லோணும். சாமியார் இஞ்ச இல்லை. நீங்கள்தான் நிக்கிறியள்.

— உப்பிடியெல்லாம் கதையாதை.

— இல்லை, சொல்லாட்டிச் செத்தும் வேகமாட்டன். பஸ்காரன் ஏத்தமாட்டன் எண்ட பிறகு மூண்டு பூனையை உங்கட பின்வேலியிலதான் கொண்டுவந்து விட்டனான். நீங்கள் தொழிலுக்குப் போனாப் பிறகு, மதலேனாக்கா கோயிலுக்குப் போற நேரம் பாத்து. உங்கட பக்கம் மீன் காயப்போடுறேல்லைத்தானே, ஒரு சேதமும் வராது எண்டு நினைச்சன். நீங்கள் கோழி வாங்கினது எனக்குத் தெரியாது. அம்மாணை தெரியாது.

— பதினொரு குஞ்சு.

— தெரியும். மதலேனாக்கா கிணத்தடியில இருந்து ஒவ்வொண்டாச் சொல்லி அழுதவ. நானும் பக்கத்தில இருந்து ‘பாவம்’ எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகுதான், இனி ஒருத்தரின்ர வேலிக்குள்ளயும் விடக்கூடாது, ஆளில்லாத வளவாப் பாத்து விடுவம் எண்டு சிவலட்சுமியாக்களின்ர இந்த வளவுக்குக் கொண்டுவந்தனான். அவை இந்தியாவால இன்னும் வரேல்லைத்தானே. என்னைத் திட்டிப் பேசுங்கோ அண்ணை. ஒருக்காப் பேசிவிடுங்கோ.

— பூனைதான் திண்டது எண்டு எனக்கும் தெரியும். ஆர் கொண்டுவந்து விட்டது எண்டுதான் தெரியாது.

— பேசுங்கோவன்!

— உன்னைப் பேச எனக்கு வாயில்லை, பிள்ளை. விடு.

— நீங்கள் நல்ல மனுசன்.

— உதை விடு எண்டு சொல்லுறன்!

— ஏன் கத்துறியள்? கோபமெண்டாக் கோபமெண்டு சொல்லுங்கோ. ஐயோ, பூனை திரும்பவும் புரளுது. கை விறைச்சுப் போச்சு. இனி ஏலாது அண்ணை.

— கொஞ்ச நேரம். மதலேனா வந்திடுவாள்.

— அவ போய் எவ்வளவு நேரம்? வெயில் உச்சிக்கு வந்திட்டுது. இஞ்ச பாருங்கோ, நான் யோசிச்சுப் பாத்தன். இது மிதிவெடி இல்லை.

— எப்பிடிச் சொல்லுறாய்?

— பலகை இல்லையே. பள்ளிக்கூடத்தில கூட்டம் வைச்சு மிதிவெடி எடுக்கிற அந்தத் தம்பி படம் போட்டுக் காட்டினவர். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிண்டா உள்ளுக்கப் போகாதேங்கோ எண்டு. ஒழுங்காச் சொன்னவர், நானும் ஒழுங்காக் கேட்டனான். நான் கண்ணை மூடிக்கொண்டு வரேல்லை. வாசல் படலையடியில நிண்டு நாலு பக்கமும் பாத்தனான். ஒரு பலகையும் இல்லை, ஒரு நாடாவும் இல்லை.

— நாடா மாரி மழைக்கு அறுந்து போச்சு.

— பலகை?

— பலகை... காத்துக்கு விழுந்திருக்கும்.

— விழுந்தாப் பக்கத்தில கிடக்கோணும். எங்க கிடக்கு? நீங்கள் படலையடியிலதானே நிக்கிறியள், கிடக்குதோ பாருங்கோ.

— பத்தைக்குள்ள கிடக்கும்.

— நீங்கள் பாக்கவேயில்லை! என்னைப் பயப்படுத்திறதுக்குச் சொல்லுறியள். நான் அசையாமல் நிக்கோணுமெண்டு. நல்லதுக்குத்தான் சொல்லுறியள், ஆனா என்ர கை உங்கட சொல்லைக் கேக்காது. இப்ப நான் நடக்காட்டி, பை விழப்போறது அந்த மூடிக்கு மேலதான்.

— பையை அவிழ்த்துப் பூனையை விடு.

— எந்தக் கையால அவிழ்க்க? முடிச்சைக் கயித்தால இறுக்கிக் கட்டினனான். ஒரு கையை எடுத்தாப் பை போயிடும்.

— பல்லால கடிச்சு இழு.

— முகத்தைக் கிழிக்கும். நான் தடுமாறுவன். அதை விட நடக்கிறது நல்லது. ஆறு எட்டு. ஆறு எட்டு வைச்சா ஒழுங்கையில நிப்பன்.

— ஜெனிற்றா, வேண்டாம். மோட்டச்சைக்கிள் சத்தம் ஒண்டு கேக்குது. அவங்கள்தான் வாறாங்கள்.

— எனக்குக் கேக்கேல்லை.

— எனக்குக் கேக்குது.

— பொய். உங்கட குரலிலயே தெரியுது.

— வந்த அடியிலயே வரலாமெண்டாலும் பரவாயில்லை. உன்ர அடி எங்க? குருமணல், எல்லாம் மூடிப்போச்சு. எந்த இடத்தில கால் வைச்சு வந்தனீ எண்டு உனக்கே தெரியாது.

— தெரியாதுதான். ஆனா வரேக்க வெடிக்கேல்லையே.

— வரேக்க வெடிக்காதது போகேக்க வெடிக்கும், பிள்ளை! முகாமுக்குப் பக்கத்தில கண்டனான். மாடு நாலுதரம் போய்வந்த பாதையில அஞ்சாந்தரம் மனுசன் போகேக்க வெடிச்சது.

— அங்க பலகை நிண்டிருக்கும். இஞ்ச இல்லை. பலகை இல்லாட்டி வெடி இல்லை, அவ்வளவுதான். அப்பிடித்தான் அந்தத் தம்பி சொன்னவர்.

— அவர் அப்பிடிச் சொல்லேல்லை.

— நீங்கள் கூட்டத்துக்கு வந்தனீங்களே?

— ஓம். வந்தனான். முன்வரிசை வாங்கிலதான் இருந்தனான்.

— அப்ப உங்களுக்கு வேற ஏதாவது தெரியுமெண்டாச் சொல்லுங்கோ. இந்த வளவில வெடி கிடக்கெண்டு ஆரும் சொன்னவையே? நீங்கள் கண்டனீங்களே? எதையாவது சொல்லுங்கோ, நிக்கிறன். கை முறிஞ்சாலும் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறன். சும்மா நில், நில் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நான் வீட்டுக்குப் போகோணும். எனக்குப் பயமாக் கிடக்கு, சந்தியோகண்ணை.

— ஜெனிற்றா...

— தெரியாதுதானே? அப்ப நான் வாறன். கையை நீட்டுங்கோ. விழுந்தாப் பிடியுங்கோ.

— பொறு, பொறு, பொறு.

— மூண்டு எண்ணிப்போட்டு இடக்காலைத் தூக்குறன். மரியாயே. ஒண்டு...

— பிள்ளை!

— ரெண்டு...

— தூக்காதை! பலகை இருந்தது! இந்தப் படலையடியிலதான் நிண்டது. குஞ்செல்லாத்தையும் பூனை திண்ட அண்டைக்கு நான்தான் புடுங்கினனான். அதுதான் இப்ப என்ர கோழிக்கூட்டுக்குக் கதவு.