இரண்டு வெள்ளைக் கதவுகள்

அறைக்கு வெள்ளை அடிப்பதா, சாம்பல் அடிப்பதா என்று குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். நான் கேட்டேன்.

பெரியவர் என் மாமனார். ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. ஓய்வு அவருக்குத்தான், அதிகாரத்துக்கு இல்லை. நான் வீட்டோடு மாப்பிள்ளை. வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டும்போது, "இது மாடி ரூம், இது புது ஃபேன், இது மாப்பிள்ளை. ஃபேனாவது சுத்தும்" என்பார். மாமியாருக்குச் சிரித்துப் புரையேறும். நானும் சிரிப்பேன்.

பிறகு அவருக்குப் பார்வை போயிற்று. வெளிச்சமும் நிழலும் மட்டும் மிச்சம். மாடி அறையில் அடுத்தடுத்து இரண்டு கதவுகள். வெள்ளைக் கதவு குளியலறைக்கு. சாம்பல் கதவைத் தள்ளினால் செங்குத்தான படிக்கட்டு, நிற்க இடமில்லை.

"கண்ணு போனா என்ன? வெள்ளைன்னா குளியல், சாம்பல்னா படி. எவன் கையையும் பிடிக்காம நடக்குறேன் பாருங்க." அதிலும் ஒரு ஜம்பம்.

சுவர் உதிர ஆரம்பித்தது. என்ன நிறம் என்று பணிவாகக் கேட்டேன்.

"வெள்ளை. சாம்பல்லாம் ஆபீஸுக்கு. எல்லாம் பளிச்சுன்னு இருக்கணும் மாப்ள, உங்க மூளை மாதிரி, ஒண்ணுமே இல்லாம."

"எல்லாமா மாமா?"

"எனக்குக் கண்ணுதான் போச்சு, உங்களுக்குக் காதுமா? எல்லாந்தான்."

நானே அடித்தேன். ஆள் வைத்தால் சாம்பல் கதவுக்கும் ஏன் வெள்ளை என்று கேட்பான். மனைவி மட்டும் கேட்டாள்.

"அப்பாவுக்குக் கதவு தெரியுமாங்க?"

"அவரே சொன்னதும்மா."

"அப்போ சரி."

அவர் சொன்னதற்கு மறுபேச்சு அந்த வீட்டில் கிடையாது.

நகர்த்திய கட்டிலைத் திரும்பப் போடும்போது ஒரு கதவகலம் தள்ளிப் போட்டேன். எழுந்து நேரே நடந்தால் எந்தக் கதவு வரும் என்று, கண்ணை மூடிக்கொண்டு நானே நடந்து பார்த்தேன். எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்குப் பிடிக்காது. ஈரப் பெயிண்ட் ஒட்டிக்கொள்ளுமே என்று படிக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை.

மதியத் தூக்கம் கலைந்து எழுந்தார். கைக்குக் கதவு தட்டுப்பட்டது. கண்ணுக்கு வெள்ளை தெரிந்தது. தள்ளினார். நான் கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் பக்கத்தைத் திருப்பினேன்.

"பெரியவர் ஆசைப்பட்டாரேன்னுதானே அடிச்சீங்க, உங்க மேல என்ன தப்பு?" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் என்னைத் தேற்றினார்கள். அது நியாயமாகவே பட்டது.

இப்போது அந்த அறையில் மாமியார். அவருக்கும் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. வெள்ளையைப் பார்த்தால் மாமா ஞாபகம் வருகிறதாம்; எல்லாவற்றுக்கும் சாம்பல் அடிக்கச் சொல்கிறார்.

பெரியவர்கள் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை.