மதி என்றால் போதும்

சாப்பிட்டவுடன் செய்யக்கூடிய ஆசனம் வஜ்ராசனம் ஒன்றுதான். முழங்காலை மடக்கிக் குதிகாலின்மேல் உட்கார வேண்டும், அவ்வளவே. வயிற்றுக்கு நல்லது. மத்தியானம் இங்கே ஸ்டேஷனில் சோறு தந்தபிறகு நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஏட்டு பார்த்துவிட்டு அப்பால் போய்விட்டார்.

நீங்கள் கேட்பது எலியாவைப் பற்றி. கஞ்சாவுக்கு எக்சைஸ்காரர்கள் தனியாக வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். எலியாவின் காலுக்குத்தான் நீங்கள். ஆனால் இரண்டையும் பிரித்துச் சொன்னால் விளங்காது சார்.

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்டில் போன் எடுக்கும் வேலை பார்த்தேன். தூக்கம் போயிற்று. வேலையை விட்ட பிறகும் அது திரும்பி வரவில்லை. கஞ்சா தனியாகத் தூங்க வைக்கவில்லை, யோகாவும் தனியாகத் தூங்க வைக்கவில்லை. இரண்டும் சேர்ந்தபோது தூங்கினேன். ஆரியங்கோட்டில் என் மாமா ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்திய புகைப்புரை சும்மா கிடந்தது. கரியைக் கழுவி, தரைக்கு ஓடு பாவி, அங்கே வகுப்பு தொடங்கினேன்.

எல்லா யோகா முறைகளிலும் கஞ்சாவைச் சேர்த்துப் பார்த்தேன். மூச்சோடு ஓட்டமாகச் செய்யும் முறைக்குக் கஞ்சா ஆகாது. நெஞ்சு படபடக்கும். சினி என்ற பெண் சூரிய நமஸ்காரத்தின் நடுவில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். ஒரே நிலையில் நெடுநேரம் இருக்கும் முறைக்குப் பொருந்தும். வலி வேறு யாருக்கோ வலிப்பதுபோல இருக்கும். கண்ணை மூடவைத்துக் குரலால் நடத்தும் முறைக்கு இன்னும் பொருந்தும். கையைத் தூக்கு என்றால் தூக்குவார்கள். இறக்கு என்று சொல்ல நான் மறந்தால் அப்படியே வைத்திருப்பார்கள்.

வகுப்புக்கு வந்தவர்களுக்கு இது தெரியாது. எள்ளுருண்டையில் கலந்து கொடுத்தேன். கோயிலுக்குப் போகிறவர்களிடம் பிரசாதம் என்றேன். சர்ச்சுக்குப் போகிறவர்கள் பிரசாதம் தின்ன மாட்டார்கள், அவர்களிடம் பச்சிலை மருந்து என்றேன். ஒரே தட்டுதான். வகுப்பு முடிந்து போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு பஞ்சுபோல இருக்கிறது என்பார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எலியா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பாறசாலை, உதியன்குளங்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் அவர் வண்டியில்தான் போகும். முதுகுவலி என்று வந்தார். உருண்டையில் ஒரு கடி கடித்துவிட்டு, மீதியை மனைவி ஜெஸிக்கு என்று பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். ஜெஸி பிரசங்கத்தின் நடுவில் காரணமில்லாமல் சிரித்தாள் என்று அவரே வந்து சொன்னார். ஒரு கடியோடு நிறுத்தியதால் வகுப்பில் அவர் ஒருவர்தான் எப்போதும் தெளிவாக இருந்தார்.

ஒருநாள் எல்லாரையும் வஜ்ராசனத்தில் வைத்திருந்தேன். எலியா வாயைத் திறந்தார்.

"எலே சிபினே, எங்க போதகருகூட முட்டுல நிக்க வச்சா கடைசியில ஆமென் சொல்லி எழுப்பி விடுவாரு. நீ எழுப்பவே மாட்டியா மக்கா?"

"பேசாம இருங்க அண்ணே."

"செரி, அப்ப நானே சொல்லுதேன். ஆமென்."

எல்லாரும் சிரித்துக்கொண்டே எழும்பிவிட்டார்கள். ரிட்டயரான கார்த்தியாயினி டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு அது பழக்கமாயிற்று. நான் கண்ணை மூடச் சொன்னால் போதும், ஏதாவது ஒரு மூலையிலிருந்து ஆமென் என்று ஒரு முனகல் வரும், பின்னாலேயே சிரிப்பு வரும்.

எனக்குக் கோபம் இல்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். வலியைத் தாண்டி அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அந்த மனிதர் பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அவருக்கு வேன் ஓட்டம் கிடையாது. அன்று காலை இரண்டு உருண்டை கொடுத்து, என் முன்னாலேயே தின்னச் சொன்னேன். அவை கொஞ்சம் பெரிய உருண்டைகள்.

"அப்ப ஜெஸிக்கு?"

"அக்காவுக்கு வேற தாறேன்."

"நல்ல ருசி உண்டு, கேட்டியா," என்று விரலை நக்கினார்.

கயிறும் கட்டையும் வைத்துச் செய்கிற ஒரு முறை உண்டு. அதிலிருந்து பெல்ட்டை எடுத்துக்கொண்டேன். வஜ்ராசனத்தில் உட்காரவைத்து, தொடையையும் கெண்டைக்காலையும் சேர்த்துக் கட்டினேன். மடியில் மணல்மூட்டை வைத்தேன். அசையாமல் இருப்பது அந்த நெடுநேர முறையிலிருந்து, என் குரல் கண்ணை மூடவைக்கும் முறையிலிருந்து. மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நன்றாகவே சேர்ந்தன.

மற்றவர்கள் பாயைச் சுருட்டினார்கள். டீச்சர் மட்டும் நின்றார்.

"எலியா எழும்பல்லியே சிபினே. முகம் என்னமோ போல இருக்கே."

"ஆழத்துல இருக்காரு டீச்சர். இப்பத் தொட்டா கேடாக்கும்."

டீச்சர் நம்பினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் போனார்.

அதன்பிறகுதான் எலியா மதி என்றார். மலையாளத்தில் அதற்குப் போதும் என்று அர்த்தம். தமிழில் மதி என்றால் நிலா, அறிவு. தியானத்தில் நிலாவைக் கண்டு சொல்கிறார் என்று நினைத்ததாக எக்சைஸ்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். இந்த எல்லையில் சோற்றுத்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சொல் அது. ஆகவே நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவர் போதும் என்றுதான் சொன்னார். பலதடவை சொன்னார்.

"மதி மக்கா. மதி."

"மூச்சக் கவனிங்க அண்ணே," என்றேன்.

கவனித்தார். சொன்னதைச் செய்கிற நிலையில்தானே இருந்தார்.

சாப்பாட்டுக்கு வராததால் ஜெஸி ஆட்டோ பிடித்துத் தேடி வந்தாள். வெயில் அப்போது வாசலைத் தாண்டிவிட்டிருந்தது. பெல்ட்டின் கொக்கி அவளுக்கு அவிழ்க்கத் தெரியவில்லை. பல்லால் இழுத்தாள். பாதங்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. ஆஸ்பத்திரியில் வலதுகாலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இடது பாதம் தொங்குகிறது, இனி தூக்க வராதாம். வேனை விற்கப் பேசுகிறார்கள் என்று கேள்வி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெஸி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "அவரு எழும்பணும்னு ஒருதரம்கூடச் சொல்லலியா?"

"இல்லக்கா. சந்தோஷமாத்தான் இருந்தாரு."

அது பொய். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் ஒரு வக்கீல் வந்தார். நானும் அன்று தின்றிருந்தேன், போதையில் நேரம் போனது தெரியவில்லை என்று சொன்னால் தண்டனை குறையுமாம். நல்ல மனிதர். ஆனால் அது உண்மையில்லை சார். அன்று நான் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. எலியாவின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு எப்போது போகிறது என்று எனக்குத் தெளிவாகப் பார்க்க வேண்டியிருந்தது.