பிறேமின்ரை முகம்

லுசியனுக்கு உறைப்பு ஒத்துவராது, இன்ஸ்பெக்டர் தம்பி. அதாலை அவர் எங்கடை வீட்டிலை தங்கியிருந்த நாள் முழுக்க மிளகாய்த்தூள் குறைச்சுத்தான் சமைச்சனான். நல்ல மனுசன். பிரான்சிலை தகப்பனும் கோயில் யன்னல் கண்ணாடியிலை படம் கீறினவராம். இவரும் சின்ன வயசிலை தொடங்கி கோயில் கோயிலாத் திரிஞ்சு கீறினவர். கலியாணமும் முடிக்கேல்லை. பண்டத்தரிப்பிலை எங்கடை மிஷன் கோயிலுக்குப் போதகர் கேட்டுத்தான் வந்தவர்.

பிரான்சிலை அந்தக் காலத்து உலகச் சண்டை முடிஞ்ச பிறகு, திரும்பி வராத பெடியளின்ரை முகங்களைத்தான் தகப்பன் தேவதூதருக்கு வைச்சவராம். தாய்மார் பாத்து அழுது ஆறினவையாம். இதைக் கேட்டிட்டு என்ரை மகள் ஜொய்சி, எனக்குச் சொல்லாமல் தமையன்ரை படத்தை லுசியனிட்டைக் குடுத்திட்டாள். அவரும் அந்த முகத்தையே எங்கடை யன்னல் தேவதூதருக்குக் கீறிட்டார். என்ரை மகன் பிறேம் கடைசிச் சண்டையிலை காணாமல் போனவன். வருவான்.

எங்கடை கோயிலிலை சனம் இருக்கிற ஒரு வாங்கிலிலையோ விளக்கிலையோ ஆற்றையும் பேர் இருந்தால், அந்த ஆள் செத்தவர். ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை போதகர் அந்த யன்னலைப் பிரதிட்டை பண்ணி, பிறேமின்ரை ஞாபகார்த்தமெண்டு வாசிச்சால் என்ரை பிள்ளையின்ரை கதை முடிஞ்சுது. பிறகு ஆர் அவனைத் தேடுவினம்?

மாத்தச் சொல்லிக் கேட்டனான். ஜொய்சிதான் இங்கிலிசிலை சொன்னவள். சூளையிலை சுட்ட நிறம் மாறாதாம், உடைச்சால்தான் உண்டாம். அம்மா அழட்டும், அழுதால் ஆறும் எண்டவராம். எனக்குச் சரியான கோவம் வந்தது. ஆறுறதுக்கு இஞ்சை ஆர் செத்தது?

கண்ணாடியை உடைச்சிருக்கலாமே எண்டு கேக்கிறியள். பெத்த பிள்ளையின்ரை முகத்தை எப்பிடித் தம்பி உடைக்கிறது? உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?

சனிக்கிழமை காலமை அவர் யன்னலடியிலை கட்டின சாரத்துப் பலகையிலை நிண்டு கண்ணாடியைத் துண்டு துண்டாப் பொருத்திக்கொண்டிருந்தார். முகம் மட்டும் கீழை பஞ்சுக்கை கிடந்தது. முதல் அதை எடுத்துப் பத்திரமா வாங்கிலிலை வைச்சன். பிறகு சாரத்தின்ரை கயித்து முடிச்சை அவிட்டு விட்டன். அவர் குனிஞ்சு கையை நீட்டி, நான் பழக்கின தமிழிலை, "அம்மா, முகம் தாங்கோ" எண்டவர். நான் குடுக்கேல்லை. இன்னும் எட்டி நீட்டினார், பலகை சரிஞ்சுது.

சீமெந்துத் தரை. பாவம், கன நேரம் கிடந்து மூச்சு இழுக்கேல்லை. நான் பக்கத்திலைதான் இருந்தனான்.

கண்ணாடி எங்கையெண்டு கேட்டியள். வீட்டிலை வைச்சால் ஜொய்சி எடுத்துக் குடுத்திடுவாள். அதாலை சேமக்காலையிலை, என்ரை மனுசன்ரை குழிக்குப் பக்கத்திலை, வெள்ளைத் துணியிலை சுத்தித் தாட்டிட்டன். தலைமாட்டிலை ஒரு சிலுவையும் நட்டன். அழுகை வந்தது, நல்லா அழுதன். பிறேம் வந்தவுடனை கிண்டி எடுத்துக் காட்டுறன்.