பின்பக்கத்துப் பிசிறு

— “பெரியம்மா, முழுத் துணியத் துண்டு துண்டா வெட்டிட்டு, மறுபடியும் எதுக்கு ஒண்ணாத் தைக்கிறீங்க?”ன்னு உங்க கொழுந்தன் மக ஒரு தடவை கேட்டாளே, டெய்லரம்மா. என்ன பதில் சொன்னீங்க?

— உங்க அம்மாவப் போய்க் கேளுன்னேன், டீச்சர். அவதானே இப்ப நம்ம ஒட்டுத்துணிச் சங்கத்துல பெரிய கைக்காரி. நாலு வருஷம் முந்தி கத்தரி பிடிக்கக் கத்துக்கொடுன்னு என்கிட்ட வந்து நின்னவ. நாளைக்குக் கண்காட்சி, வாசலுக்கு நேர் சுவர்ல அவ போர்வை. என்னோடது கைகழுவற குழாய் பக்கம்.

— சங்கம் கூடித்தானே இடம் பிரிச்சோம். ஒரே வீட்டு மருமகளுங்க. யாரு நடுவுல இருந்தா என்ன?

— ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டா வயிறும் ஒண்ணாயிடுமா? எரியறது என் வயிறு. எட்டு வருஷமா அந்தச் சுவரு என்னோடது. இனிமே வர்றவங்கல்லாம் வாசல்லயே வாயப் பொளந்து நின்னுட்டு, என்னோடதுகிட்ட வரும்போது புள்ள அழுவுதுன்னு கிளம்பிடுவாங்க.

— சரி சரி, ஏணியில ஏறுங்க. இன்னைக்கு மூணு மணிக்கே நடுவர் வந்துடுவாங்க, உங்க ஓர்ப்படி சின்னவளோடதுதான் பாக்கி. பின்னாடி உறை மாதிரி தைச்சிருக்கு பாருங்க, அதுக்குள்ள கம்பிய விடுங்க. நிதானமா... ஆங், மாட்டுங்க.

— மாட்டிட்டேன். டீச்சர், கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்களேன்.

— ஏன்... அடக் கடவுளே, மரத்துக்கெல்லாம் வேர் மேல இருக்கு. பறவைங்க மல்லாந்து கெடக்கு.

— உறைய அடிப்பக்கம் வெச்சுத் தைச்சிருக்கா மகராசி. குப்புறப் போட்டுத் தைக்கும்போது எது தலை எது காலுன்னு பாக்கணும். அம்பது பறவைக்கு மூக்கு வெச்சவளுக்கு இது தோணல.

— சிரிக்காதீங்க. போன் போட்டுப் பாக்கறேன்... எடுக்கல. ஆஸ்பத்திரியில இருப்பாங்க. நாலு மணிக்குத்தான் நர்சுங்களுக்கு டியூட்டி முடியும்.

— நாலு மணிக்கு வந்து என்ன பண்றது? மூணு மணிக்குள்ள ஒழுங்கா மாட்டாத போர்வை போட்டியில கெடையாதுன்னு நீங்கதான எழுதி ஒட்டியிருக்கீங்க. ஆமா, அப்ப இந்தச் சுவரு?

— காலியாவா விட முடியும்? உங்களோடதத்தான் இங்க மாத்தணும்.

— நான் கேக்கல. நீங்களாத்தான் சொல்றீங்க.

— பிரிச்சு மேல்பக்கம் தைக்க ஒன்றரை மணி நேரம் போதும். எனக்கு விரல் மடங்க மாட்டேங்குது. நீங்க மனசு வெச்சா...

— கேட்டாச் செய்யலாம். அவ என்கிட்ட ஒரு தடவை காட்டினாளா? அடுத்தடுத்த அறைதான். கதவச் சாத்திக்கிட்டுத் தைச்சிருக்கா. இந்தப் பறவைங்கள நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்.

— நீங்க ஏதாச்சும் குத்தம் சொல்லுவீங்களோன்னு பயந்திருப்பாங்க.

— என் வேலையில யாராச்சும் குத்தம் சொல்ல முடிஞ்சுதா? மூணு வருஷம் முந்தி முதல் பரிசு வாங்கினப்ப நடுவர் என்ன எழுதிக் கொடுத்தாங்க? “பின்பக்கத்தில்கூட ஒரு நூல் பிசிறு இல்லை.” கண்ணாடி போட்டுக் கடையில மாட்டியிருக்கேன். அந்தச் சுத்தம் இவளுக்கு ஏழு பொறப்பு எடுத்தாலும் வராது. என்ன டீச்சர், தலையக் குனிஞ்சுக்கிட்டீங்க?

— சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். வாயடக்கி வெச்சது தப்போன்னு இப்பத் தோணுது. அந்த வருஷம் நீங்க போர்வையக் கொண்டாந்து போட்டுட்டு, காய்ச்சலோட வீட்டுக்குப் போயிட்டீங்க. விரிச்சுப் பாத்தா, பின்பக்கம் பூரா புல்லு முளைச்ச மாதிரி நூலு. உங்க சின்னவதான் அந்த மேஜையில போட்டு, ஒவ்வொண்ணா ஊசியில கோத்து உள்ள இழுத்து நறுக்கினாங்க. மூணு மணி நேரம். ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. “அக்காவுக்குத் தெரிய வேணாம் டீச்சர், அவங்க கையால முடிச்சதாவே இருக்கட்டும்”னாங்க.

— பொய்.

— கடவுளுக்குப் பொதுவாச் சொல்றேன்.

— அன்னைக்கு நான் பரிசு வாங்கும்போது அவதான் முதல்ல கை தட்டுனா. நான் அவ பக்கம் திரும்பக்கூட இல்ல.

— விடுங்க. மணி ஒண்ணாகுது. நான் போய்ச் சாப்பிட்டு, நடுவரக் கையோட கூட்டிக்கிட்டு வரேன். வந்து உங்களோடத இங்க மாத்திக்கலாம். நீங்களும் ஏதாச்சும் சாப்பிடுங்க.

— நீங்க போயிட்டு வாங்க. சாவி இங்கயே இருக்கட்டும். உள்பக்கம் பூட்டிக்கறேன்.

*

— ஏம்மா, போன எடுக்க இவ்வளவு நேரமா? மணி ரெண்டாகுது. சாப்பிட வரலியா?

— இல்லீங்க. நீங்க எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க. மூடி வெச்சிருக்கேன்.

— ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?

— ஒண்ணுமில்ல. வாயில குண்டூசி.

— இந்நேரத்துக்கு என்ன தையல்? எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னியே. சின்னவ போர்வை மாட்டியாச்சான்னு தம்பி வேற கேக்கறான்.

— ஜோரா இருக்குன்னு சொல்லுங்க. பறவைக்கு மூக்க எப்படித்தான் வளைச்சாளோ, பாவி, எனக்கு இன்னும் அது வராது. அவ தையல்ல ஒரு குறையும் இல்ல.

— பின்ன நீ என்னதான் பண்றே?

— என்னோடதுல கம்பி உறையத் தலைகீழாத் தைச்சுத் தொலைச்சுட்டேன். பிரிச்சுத் தைக்கறேன். அவகிட்டச் சொல்லிடாதீங்க.